வேறு தொழிலுக்குப் பிறந்த உழவு இயந்திரம்

ஒரு தொழிலுக்கென ஆக்கப்பட்ட கருவியை மற்றொரு தொழிலுக்கு மாற்றிக்கொள்வது மனிதருக்குப் புதிய பழக்கமன்று. மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டம் தேய்ந்தால் கொல்லன் அதனைக் களைக்கொத்தாக அடித்துக் கொடுப்பான். தண்டவாளத் துண்டொன்று பாடசாலையின் மணியாகத் தொங்கும். உழவு இயந்திரத்தின் வரலாறும் இத்தகையதே. கழனிக்காகவே பிறந்தது போல இன்று தோன்றும் அவ்வியந்திரம், தெருவிலும் தொழிற்சாலையிலும் போர்க்களத்திலும் உழைத்துவிட்டுப் பலமுறை வயலுக்குத் திரும்பியிருக்கின்றது. அம்மாற்றம் எங்கே பயன் தந்தது, எங்கே பாழாயிற்று என்பதை அறிவது, வெலிமடை போன்ற மலைச்சரிவிலே பயிரிடும் மக்களுக்கு மிகவும் வேண்டற்பாலது.

கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் நீராவி உழவு இயந்திரங்களைச் செய்து வந்தார். அப்பகுதியின் மண் மிருதுவான சதுப்பு மண். இயந்திரத்தின் பாரத்தால் சக்கரங்கள் புதைந்தன. 1904 நவம்பரில் அவர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஓயாது சுழலும் பட்டைகளின் மேல் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். பாரம் பரந்து விழவே, மண் தாங்கிற்று. பத்தாண்டு கழிந்து மூண்ட முதலாம் உலகப் போரில் அதே பட்டைச் சக்கர இயந்திரங்கள் பீரங்கிகளை இழுத்தன. சேற்றையும் பள்ளத்தையும் அவை கடந்த விதத்தைக் கண்டவர்களின் முயற்சியாலேயே 1916இல் பிரித்தானியரின் கவச வாகனம் போர்க்களத்தில் இறங்கிற்று. வயலுக்காகச் செய்த சக்கரம் போருக்குப் போன கதை இது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கதையுண்டு. அதே போர்க்காலத்தில் உணவுப் பஞ்சத்துக்கு அஞ்சிய நாடுகளில், ஹென்றி போர்டின் ‘மொடல் டி’ மோட்டார் வண்டியைக் கலப்பை இழுக்கும் இயந்திரமாக மாற்றுவதற்கு ‘ஈரோஸ்’ என்னும் உபகரணத் தொகுதி விற்கப்பட்டது. பின்சக்கரங்களை மாற்றி, வேகத்தைக் குறைத்து, இழுக்கும் வலுவைக் கூட்டுவதே அதன் வேலை. அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்குசன் அந்த ஈரோசுக்குப் பொருத்தமான கலப்பையொன்றைச் செய்ய முனைந்தார். குதிரையின் பின்னால் கட்டுவது போலக் கலப்பையைச் சங்கிலியால் இழுத்துச் செல்லாமல், இயந்திரத்தோடு ஓருடம்பாகப் பிணைக்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. இழுத்துச் செல்லும் கலப்பை வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டால், பின்சக்கரங்கள் சுழன்றுகொண்டேயிருக்க, முன்புறம் எழும்பி, இயந்திரம் ஓட்டுபவர்மீதே கவிழ்ந்துவிடும். அக்காலத்தில் இவ்வாறு மாண்டோர் பலர். பெர்குசன் வகுத்த மும்முனை இணைப்பும் எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையை உயர்த்தித் தாழ்த்தும் முறையும் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்தன. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்றி நகரில் அவருடைய சாம்பல் நிற இயந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாயின. அவை செய்யப்பட்ட தொழிற்சாலையோ, போர்க்காலத்தில் விமான இயந்திரங்கள் செய்த இடம். இயந்திரம் மட்டுமன்றி, அதனை ஆக்கிய ஆலையும் தொழில் மாறிற்று.

இந்த வரலாற்றை அறிந்தவர்க்குத் தொழிற்சாலை இழுவை இயந்திரமொன்றை விவசாயத்துக்கு மாற்றுவதன் நுட்பம் எளிதில் விளங்கும். தொழிற்சாலை முற்றத்திலும் தெருவேலையிலும் உழைத்த இயந்திரத்துக்கு வலு உண்டு. ஆனால் பின்புறத்தில் கலப்பையைத் தூக்கும் கைகள் பெரும்பாலும் இரா. மண் அள்ளும் தொட்டி முன்னே இருந்தமையால், நிறை பெறுவதற்காகப் பின்னே பெரும் இரும்புப் பாரம் ஏற்றப்பட்டிருக்கும். டயர்களும் கெட்டித் தரைக்கேற்றவை. ஈர மண்ணைப் பற்றும் உயர்ந்த வரிகள் அவற்றில் இல்லை. எனவே மாற்றுவோர் தொட்டியையும் மிகைப் பாரத்தையும் அகற்ற வேண்டும்; வயல் டயர்களைப் பூட்ட வேண்டும்; மும்முனை இணைப்பை அமைக்க வேண்டும்; நீர் இறைக்கவும் கதிர் அடிக்கவும் நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும் விசைத்தண்டு வேண்டும். இத்தனையும் செய்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். இயந்திரம் வயலுக்கு ஏற்றதாகிவிட்டது. வயல் இந்த இயந்திரத்துக்கு ஏற்றதா?

அக்கேள்வியைக் கேளாமல் விட்டதன் பெருஞ்சான்று ஆபிரிக்காவிலே உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானிய அரசாங்கம் தங்கனிக்காவில் நிலக்கடலை பயிரிடப் பெருந்திட்டம் வகுத்தது. காடழிக்க இயந்திரங்கள் போதாமையால், ‘ஷேர்மன்’ கவச வாகனங்கள் ‘ஷேர்விக்’ என்னும் இழுவை இயந்திரங்களாக மாற்றப்பட்டன. ஆனால் அங்குள்ள களிமண் மழை நின்றதும் செங்கல்லைப் போல இறுகிற்று, இயந்திரங்கள் உடைந்தன, மழையும் பொய்த்தது. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது சுமார் 3 கோடி 60 இலட்சம் பவுண் வீணாயிற்று. இந்தியாவின் அனுபவம் வேறு. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற இழுவை இயந்திரங்களைக் கொண்டு 1947இல் அங்கு மத்திய டிராக்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. ‘கான்ஸ்’ என்னும் ஆழவேர்ப் புல் பரவியதால் உழவர் கைவிட்ட நிலங்களை அது மீட்டது. மாட்டுக் கலப்பை எட்டாத ஆழத்தில் வேர் இருந்தது. ஆகவே கனமான இயந்திரம் அங்கே தேவையாயிற்று. 1949இல் உலக வங்கி இவ்வகை இயந்திரங்களுக்காக இந்தியாவுக்கு ஒரு கோடி டொலர் கடன் வழங்கிற்று. மண்ணின் தேவையை முதலில் கண்டு இயந்திரத்தைப் பின்னர் தேடியதே இவ்விரு முயற்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

இனி ஊவாவுக்கு வருவோம். வெலிமடைப் பள்ளத்தாக்கில் வயல்கள் படிக்கட்டுப் போல இறங்குகின்றன. மேலே தேயிலையும் பதனைப் புல்வெளியும், நடுவே மரக்கறித் தோட்டங்களும், கீழே நெல்லும் என நிலம் பங்கிடப்பட்டிருக்கின்றது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் இச்சரிவுகளில் கிழங்குப் பயிர் விரைந்து பரவிற்று. தேயிலைத் தோட்டத்து லயங்களை அடுத்த சிறு துண்டு நிலங்களிலும், கொழுந்து பறித்து முடிந்த மாலைப் பொழுதுகளில் மண்வெட்டியும் முள்ளும் உழைத்தன. அகலம் குறைந்த இந்த வரம்புகளுக்குள் நான்கு சக்கர உழவு இயந்திரம் நுழைந்து திரும்ப இடமில்லை.

இக்குறையை நீக்க முன்வந்தவர் இலங்கையரான ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற அவர், 1950களில் ‘லேண்ட்மாஸ்டர்’ என்னும் இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தில் உற்பத்தியாகி ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்ற அதன் பெயர், இலங்கையில் இரு சக்கர உழவு இயந்திரம் அனைத்துக்கும் பொதுப்பெயராகவே வழங்கலாயிற்று. மக்கள் அதனை மேலும் பலவாறு மாற்றிக்கொண்டனர். சேற்றிலே இரும்புக் கூட்டுச் சக்கரம் பூட்டி உழுதனர். தெருவிலே டயர் பூட்டிப் பெட்டி இணைத்துக் கிழங்கு மூட்டை ஏற்றினர். கிணற்றடியில் வார்ப்பட்டி மாட்டி நீர் இறைத்தனர்.

ஆயினும் அதனை ஆக்கியவரே பிற்காலத்தில் அதன்மீது ஐயங்கொண்டார். எருமையின் வேலையை இயந்திரம் செய்தது உண்மை. ஆனால் எருமை உள்ளூர்ப் புல்லைத் தின்று, எருவைத் தந்து, தன் இனத்தையும் பெருக்கிற்று. இயந்திரமோ இறக்குமதி எண்ணெயைக் குடித்தது. 2022இல் டீசலுக்காக நீண்ட வரிசைகளில் நின்ற உழவர்க்கு இக்கருத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில் பணியாற்றியபோது, உழுவதையே குறைத்து மண்ணை மூடிக் காக்கும் முறையை அவர் ஆராய்ந்தார். தாயகம் திரும்பியபின், சரிவுகளிலே சமவுயரக் கோடுகளில் கிளிரிசிடியா எனும் சீமைக்கிளுவையை வேலியாக நட்டு, மண்ணைத் தடுத்து, தழையை உரமாக்கும் வழியை 2010இல் மறையும்வரை வலியுறுத்தி வந்தார்.

அகல உழுவதிலும் ஆழ உழு என்பது முதுமொழி. அது சமவெளி உழவர் கண்ட உண்மை. மலைச்சரிவிலோ ஆழமாகத் தூளாக்கிய மண் அடுத்த மழைக்குக் காத்திருக்கும் மண். இங்கே மற்றுமோர் இடர் உண்டு. சரிவுக்குக் குறுக்காக உழுதால் மண் தங்கும்; ஆனால் இயந்திரம் பக்கவாட்டில் கவிழக்கூடும். மேலும் கீழுமாக ஓட்டினால் ஓட்டுபவருக்கு அச்சம் குறையும். ஆனால் கலப்பைச் சால் ஒவ்வொன்றும் நீரோடையாகும். ஆளைக் காப்பது மண்ணை இழக்கச் செய்கின்றது. மண்ணைக் காப்பது ஆளுக்கு ஆபத்தாகின்றது. 1947ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப்பின், 1951இல் மண் காப்புச் சட்டம் இயற்றப்பட்டும் இந்த முரண் தீரவில்லை. வெலிமடைச் சரிவுகளின் மண்ணை உமா ஓயா சுமந்து சென்று மகாவலியில் சேர்க்க, ரந்தம்பை நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்து வருகின்றது.

ஆதலால் பழைய இயந்திரமொன்றை மலைநாட்டு நிலத்துக்கு மாற்ற எண்ணுவோர், முதலில் நிலத்தையே சீர்செய்தல் தகும். கல்லணையும் வேலியும் இட்டுச் சரிவைப் படிகளாக்கினால், அப்படியின் நீளவாக்கில் சிறிய இயந்திரம் குறுக்காக ஓடவும் இயலும், கவிழாமல் இருக்கவும் இயலும். படியாக்க முடியாத செங்குத்தில் இயந்திரத்தை உழவுக்கு விடாது, நீர் இறைக்கவும் சுமை இழுக்கவும் நிறுத்திக்கொள்வதே நன்று. இயந்திரத்தின் இணைப்பையும் டயரையும் பட்டறையில் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். மலையிலிருந்து இறங்கிய மேல்மண்ணை ஒரு தலைமுறையில் மீட்க இயலாது.