துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்?

எட்டயபுரத்தைத் தாண்டித் தூத்துக்குடி போகும் நாலுவழிச் சாலையில் எப்போதும்வென்றான் வரும். பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். யாரை வென்றான், எப்போது வென்றான் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைக் கிண்டல் செய்தவள் அத்தை ஒருத்திதான். கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் வீட்டார் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். தூங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறாள் என்று காரணம் சொன்னார்கள். “வென்றான்னுதான ஊருக்குப் பேரு வச்சிருக்கான். வென்றாள்னு ஒரு ஊர் இருந்தாச் சொல்லு, அங்க போயிருதேன்” என்பாள்.

ஆச்சி முதலில் கூப்பிட்டது கோடாங்கியை. உடுக்கு அடித்து அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. யார் நீ, எங்கிருந்து வந்தாய், எதற்கு வந்தாய், என்ன கேட்கிறாய். குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தது. மற்ற நாளில் வாய்திறந்து சொல்ல முடியாததை எல்லாம் அத்தை அன்று சொன்னாள். மாமியாரை ஏசினாள், புருஷனை ஏசினாள். எல்லாம் பேய் பேசிய கணக்கில் போயிற்று.

நம் மண்ணின் குடும்ப ஆலோசனை இதுதான் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம். கேட்க ஆள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடித்ததும் பேயோடு சேர்ந்து அவள் குறையும் மரத்துக்குப் போய்விட்டது. சொன்னவள் அவள் இல்லை என்று ஆனபின் யார் பதில் சொல்ல வேண்டும்? குணமானாள், புருஷன் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். நாலே மாதத்தில் திரும்பி வந்தாள்.

மருத்துவமனைகளின் கதை வேறு மாதிரி. சென்னையில் பைத்தியக்கார விடுதி 1794-லேயே வந்துவிட்டது. 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அங்கே குடும்பத்துக்கு வேலையே இல்லை. வாசலில் விட்டுவிட்டுப் போவதோடு சரி. (கீழ்ப்பாக்கம் என்ற சொல்லை வைத்து நம் சினிமா எத்தனை வருஷம் சிரிப்பு மூட்டியது என்பது தனிக் கட்டுரைக்கு ஆகும்.) இதை மாற்றிய முதல் ஆட்களில் ஒருவர் அமிர்தசரஸின் வித்யாசாகர். 1950-களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு, உறவினர்களை நோயாளியோடு தங்க வைத்தார். 1957-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தைத் தொடங்கிய கனடாக்காரர் ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸ் காலத்திலிருந்து அங்கேயும் அதே வழக்கம்: நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கவேண்டும். சமைக்கலாம், மருத்துவர் பேசும்போது கூட உட்காரலாம், கேள்வி கேட்கலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் இதன் அருமை தெரியும். பிள்ளைக்கு மனச்சிதைவு வந்தால் தாயின் வளர்ப்பே காரணம் என்ற எண்ணத்துக்கு 1948-இல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் ஒரு பெயரே வைத்துக் கொடுத்தார். பல ஆண்டுகள் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். இங்கே தாயைக் குற்றவாளியாக்கவில்லை, துணையாகக் கூப்பிட்டார்கள்.

ஆனால் துணை என்றால் யார்? மகனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மா வந்து தங்குவாள். புருஷனுக்கு என்றால் மனைவி. மனைவிக்கு என்றால்?

கீழ்ப்பாக்கத்தின் முதல் பெண் கண்காணிப்பாளர் சாரதா மேனன். 1961-இலிருந்து 1978 வரை பொறுப்பில் இருந்தார். புறநோயாளிப் பிரிவைத் திறந்து, உள்ளே போனால் திரும்பமுடியாது என்ற நிலையைத் தளர்த்தினார். ஓய்வுக்குப் பின் 1984-இல் அவர் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தில்தான் என் கேள்விக்குப் பதில் தேடினார்கள். மனச்சிதைவு வந்து, திருமணமும் முறிந்த பெண்களிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடமும் தாராவும் சக ஆய்வாளர்களும் பேசி, 2003-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் வயதான பெற்றோரோடு இருந்தார்கள். சட்டப்படி விவாகரத்து இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. நோயைவிட, வாழாவெட்டி என்ற பேரே அந்தக் குடும்பங்களை அதிகம் சுட்டது. தங்களுக்குப் பின் இவளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் பெற்றோரின் கவலை. 1955-இன் இந்து திருமணச் சட்டம் மனநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கிறது. சட்டம் இருபாலருக்கும் பொதுதான். ஆனால் நோய் வந்த புருஷனை விட்டுவிட்டுப் போன பெண்ணை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். பரீட்சை முடிவு வரும் மே மாதத்தில் கரிசல் வீடுகளில் ஒரு பயம் இருக்கும். பருத்திக்கு வாங்கிய மருந்து வீட்டிலேயேதான் கிடக்கும். பிள்ளையைக் கூப்பிட்டுத் தைரியம் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். 1986-இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’ தொலைபேசியில் பேச்சைக் கேட்டதோடு நிற்கவில்லை. தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே எழுதத் துணைத்தேர்வு வேண்டும் என்று கேட்டது, அது வந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுவில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். தற்கொலை முயற்சிகள் குறைந்தன. மருந்துப் புட்டி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் ஆலோசனைதான்.

குடும்பமே கைவிட்டவர்களுக்கு? வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் 1993-இல் சென்னையில் ‘பேனியன்’ இல்லத்தைத் தொடங்கினார்கள், தெருவில் அலைந்த பெண்களுக்காக. தேறியவர்களை ஊர் தேடி, வீடு தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பலருக்கு வீட்டுக்கதவு திறந்தது. திறக்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்காக 2015-இல் புது ஏற்பாடு வந்தது: நாலைந்து பெண்களாகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீடு. சமையல், சண்டை, கடைக்குப் போவது எல்லாம் அவர்கள் பாடு. கூட ஒரு உதவியாளர். ரத்த உறவு இல்லாத வீடு. நாற்பது வருஷம் முந்திப் பிறந்திருந்தால் அத்தைக்கு எதிர்த்த வீட்டில் சண்டை போட ஆள் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம்தான் தெரியும், பிந்தியல்லவா பிறந்திருக்க வேண்டும் என்று.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அவளோடு பஸ் ஏறி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா வரவில்லை, விதைப்பு நேரம். சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

“கூட யாரும்மா வந்திருக்கா?”

“அண்ணன் மக.”

“பெரியவங்க யாரும் வரலையா?”

அத்தை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். “இவ போதும், எழுதுங்க.”