தபால் உறையிலிருந்து கணினித் திரை வரை



"தபால்ல படிச்ச பட்டந்தானே?" என்று இளக்காரமாகக் கேட்டவர்கள் ஒரு காலத்தில் உண்டு. அந்தப் பட்டத்தின் வரலாறு, வேலைக்காகப் போராடியவர்களின் வரலாறும் ஆகும்.

நம் நாட்டில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியது தில்லிப் பல்கலைக்கழகம், ஆண்டு 1962. தமிழகத்தில் 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வழிகாட்டியது. 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் தொடர்ந்தன. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உருவாயின.

சேர்ந்தவர்கள் யார்? மில் தொழிலாளி, பஸ் கண்டக்டர், அலுவலக உதவியாளர், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள். தன் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ற தொழில் முடிவை எடுக்கும் பக்குவத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் சூப்பர் 1950-களில் எழுதினார். 'தொழில் முதிர்ச்சி' என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். நம்மவர்கள் பலருக்கு அந்த முதிர்ச்சியை வாழ்க்கையே கற்றுக்கொடுத்திருந்தது. எந்தப் பட்டம் வாங்கினால் எந்தப் பதவி உயர்வு கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் பணம் கட்டினார்கள்!

ஆனால் கைத்தொழில் தபால் உறைக்குள் வரவில்லை. அதற்குத் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகவேண்டியிருந்தது. லோயர், ஹையர் பாஸ் செய்தவருக்கு குமாஸ்தா வேலையாவது கிடைத்தது. 1990-களில் அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் சென்டர்கள் பிடித்தன. ஃபீஸ் கட்ட முடிந்தவர் முன்னேறினார். முடியாதவர் பட்டத்தோடு நின்றுவிட்டார். தொலைநிலை மாணவர்களைப் பின்தங்க வைத்தது அறிவுக் குறைவு அல்ல, கருவி கைக்கு எட்டாமைதான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையப் பாடங்கள் வந்தன. 2020-ல் கொரோனா வகுப்புகளைச் செல்போனுக்குக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு தெளிவுபடுத்தியது. தாளில் சமத்துவம் வந்துவிட்டது. இன்டர்வியூவிலோ "எக்செல் தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். செல்போனில் பாடம் கேட்டுவிடலாம். நூறு வரிசை கொண்ட கணக்கை அதில் போட்டுப் பாருங்கள், கஷ்டம் புரியும்! வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் அன்று டைப்ரைட்டிங் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றவரின் இடத்தில்தான் இன்றும் நிற்கிறார்.

அஞ்சல் வழி மாணவர்களுக்கு எத்தனையோ கல்லூரிகள் விடுமுறை நாட்களில் தொடர்பு வகுப்புக்கு இடம் கொடுத்தன. கரும்பலகைக்குக் கதவு திறந்தவர்கள், கணினிக் கூடத்துக்கும் திறக்கக் கூடாதா? நம் சங்க உறுப்பினர்கள் ஞாயிறுதோறும் முறைவைத்து இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஃபைலை முறையாகச் சேமிப்பது, ஈமெயில் எழுதுவது, விண்ணப்பத்தைப் பிழையின்றி அனுப்புவது என்று தொடங்கலாம்.

முதிர்ச்சியோடு வருகிறவர்களுக்குக் கருவியைக் கையில் கொடுப்போம். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.