ஐம்பதாவது பெண் வரும்வரை: சேர்வராயன் மலையில் பிள்ளை பார்த்தலின் வரலாறு

ஏற்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏரியையும் பனியையும் சொல்வார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் பள்ளிக்கூடங்களைச் சொல்வார்கள். 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி உட்பட, வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகும் விடுதிப் பள்ளிகள் இந்த மலையில் நூறாண்டுக்கு மேலாக நடக்கின்றன. அடுத்தவர் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வது இந்த மலைக்குத் தெரியாத வித்தையல்ல. ஆனால் அதே மலையில் காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண், காலையில் கூடையை எடுக்கும்போது இடுப்பிலிருக்கும் பிள்ளையை எங்கே இறக்கி வைப்பாள்? கேள்வி சின்னதுதான். இதற்கான பதில் எந்த எஸ்டேட் பதிவேட்டிலும் இல்லை, எங்கள் வீடுகளில் இருக்கிறது.

1

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். 1976 சீசன். எனக்கு மூன்று வயது, அக்காவுக்கு ஒன்பது. அம்மா பக்கத்து எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்க நடந்துபோவாள். லயத்தில் குடியிருக்கிற ஆளல்ல, சீசன் ஆள். கிலோ கணக்கில் கூலி. என்னைப் பார்த்துக்கொண்டது ஆயா. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம். அந்தக் கார்த்திகையில் ஆயா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். இரண்டு நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டே போய், சில்வர் ஓக் மரத்தடியில் தூளி கட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வரிசை நகர நகரத் தூளி பின்னாலேயே நின்றுவிடும். பிள்ளை அழுதால் ஓடிவர வேண்டும், ஓடிவந்தால் கூடை நிறையாது. மூன்றாம் நாள் அக்காவின் பை ஆணியில் தொங்கிவிட்டது.

"சீசன் முடியட்டும், மறுபடி போலாம்னுதான் அம்மா சொல்லுச்சு. அப்பறம் எந்த சீசன் முடிஞ்சுது?" என்பாள் அக்கா.

அவள் நாலாம் வகுப்போடு நின்றாள். நான் படித்தேன், எழுதுகிறேன். இதை நன்றிக்கடன் கதையாக எழுதிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதில் எனக்கு ஒப்புதலில்லை. கேட்க வேண்டியது வேறு. ஆயா விழுந்ததும் அடுத்த ஆள் யார் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு நிமிஷம்கூட விவாதம் நடக்கவில்லையே, ஏன்?

2

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று வரலாறு சொல்கிறது. செடி எங்கிருந்து வந்தது, யார் நட்டார் என்பதையெல்லாம் எழுதிவைத்த அந்த வரலாறு, பழம் பறித்தவளின் பிள்ளை எங்கே படுத்திருந்தது என்பதை எழுதவில்லை. மூலதனத்துக்கு உழைப்புச் சக்தி காலையில் வேலைத்தளத்துக்கு வந்து நின்றால் போதும். அது இரவில் எங்கே உண்டு, உறங்கி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தது என்பது அதன் கணக்கில் வராது. மரியாரோசா தல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்ஸும் 1972இல் இதைத்தான் எழுதினார்கள்: கூலியில்லாத வீட்டுவேலை, கூலியுழைப்புக்கு வெளியே நிற்கிற ஒன்றல்ல, அதன் அடித்தளம். நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அந்த அடித்தளத்துக்கும் அடியில் ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி இருக்கிறாள்.

அரசு இதைக் கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. டி.வி. ரெகே தோட்டத் தொழிலாளர் நிலைமை குறித்து விசாரித்துத் தந்த அறிக்கை 1946இல் வந்தது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1954 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு, ஐம்பது அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமுமுள்ள அறை வேண்டும், பயிற்சிபெற்ற பெண் அதைக் கவனிக்க வேண்டும் என்றது. பெரிய தேயிலைத் தோட்டங்களில் இப்படித்தான் பிள்ளை பார்க்கிற இடங்கள் அமைந்தன. சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் போய்ச் சேர்ந்த இலங்கை மலையகத்தில் இதே ஏற்பாட்டுக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அங்கே பார்த்துக்கொள்கிறவளும் ஆயாதான். பாட்டியின் பெயரே கூலிக்காரிக்கும் வந்திருக்கிறது.

ஏற்காடு வேறு. பெரிய எஸ்டேட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் காப்பித் தோட்டங்கள் நிறைந்த மலை இது. 1951 சட்டம் 25 ஏக்கருக்குக் குறைந்த தோட்டத்தைத் தோட்டமாகவே கருதவில்லை. 1981 திருத்தம் அதை 5 ஹெக்டேராக்கியது. அதற்கும் கீழே இருக்கிற தோட்டத்தில் பழம் பழமாகத்தான் இருக்கும், பறிப்பவள் மட்டும் சட்டத்தின் பார்வையில் தோட்டத் தொழிலாளி ஆகமாட்டாள். அம்மா போன எஸ்டேட்டில் நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள் என்கிறாள் அக்கா. இன்னும் பத்துப் பேர் வந்திருந்தால் நான் ஓர் அறையில் படுத்திருப்பேன், அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

3

ஐம்பது என்பது இயற்கை விதியல்ல. மலையை விட்டுக் கீழே இறங்கினால் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள். 1952 சுரங்கச் சட்டம், பெண்கள் யாராவது வேலை செய்தாலே பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கும்படி விதி செய்யலாம் என்றது, குறைந்தபட்ச எண்ணிக்கை எதையும் போடவில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948இல் ஐம்பது பெண்களுக்கு மேல் என்று தொடங்கி 1976இல் முப்பதுக்கு மேல் என்று இறங்கியது. அக்கா பையை ஆணியில் மாட்டிய அதே வருஷம். அடிவாரத்தில் ஒன்று, ஊருக்குள் முப்பது, மலைமேல் ஐம்பது. பிள்ளையின் பசி உயரத்துக்கு உயரம் மாறுமா?

1981 திருத்தம் இன்னொன்றும் செய்தது. பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபது பேர் இருந்தாலும் அறை வேண்டும் என்றது. நல்ல விஷயம்தான். ஆனால் யார் எண்ணுவது? ஊரிலிருந்து நடந்துவரும் சீசன் ஆளின் பிள்ளை எஸ்டேட்டில் இல்லை, ஊரில் இருக்கிறது. அறை இல்லாததால் பிள்ளையைக் கொண்டுவருவதில்லை. கொண்டுவராததால் பிள்ளை கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததால் அறை இல்லை. அதிகாரம் தடியோடுதான் வரவேண்டும் என்பதில்லை. எண்ணாமல் விடுவதும் அதற்குப் போதும்.

பால்வாடி வந்ததே என்பார்கள். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982இல் சத்துணவு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியவை இவை. குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பால்வாடியின் கடிகாரம் சோற்றுக் கடிகாரம், எஸ்டேட்டின் கடிகாரம் கூடைக் கடிகாரம். இரண்டும் ஒத்துப்போவதில்லை. கைப்பிள்ளைக்கு அங்கே இடமும் இல்லை. 1969இல் டெல்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்த இடத்திலேயே மீரா மகாதேவன் குழந்தைகளுக்குக் கொட்டகை போட்டதன் பொருள் இதுதான். வேலை எங்கேயோ, பிள்ளை அங்கே.

4

2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேர் வேலைசெய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம், வேலையின் தன்மை இடம்கொடுத்தால் வீட்டிலிருந்தே வேலை. அந்தக் கடைசிச் சொற்றொடரில் ஒரு வர்க்கமே வெளியே நிற்கிறது. காப்பிப் பழத்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாது. 2020 மார்ச்சில் பள்ளியும் பால்வாடியும் மூடின. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையான பள்ளிகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. நடுவில் ஒரு முழுச் சீசன் வந்துபோனது. மடிக்கணினிக்கு முன்னால் பிள்ளை வந்து நிற்கிறது என்று நகரத்தில் சங்கடப்பட்டவர்கள் எழுதினார்கள், படித்தோம். மலையில் எத்தனை பைகள் ஆணியில் தொங்கின என்பதை எழுத ஆளில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் போய் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 'பெண் தொழிலாளி' என்றிருந்த இடத்தில் 'தொழிலாளி' என்று வந்திருக்கிறது. பிள்ளை அப்பனுக்கும் உரியது என்று சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆனால் ஐம்பது போகவில்லை. தொழிற்சாலையின் முப்பதும் சுரங்கத்தின் 'யாராவது' என்பதும்கூட அந்த ஐம்பதுக்குள் போய்விட்டன.

அக்கா இப்போது ஆயா. மகள் சீசனுக்குப் போகிறாள், பேத்திகள் இருவரை இவள் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் முழங்கால் வலி என்று சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "நீ படுத்துட்டா என்னக்கா பண்ணுவீங்க?" என்றேன்.

"பெரியவ இருக்கா இல்ல" என்றாள். சொன்னதும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியவள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் வைக்க வேண்டும்: சீசன் மாதங்களில் எஸ்டேட் நேரத்துக்குத் திறந்திருக்கும் பால்வாடி, கைப்பிள்ளைக்கு இடம், சின்னத் தோட்டங்கள் சேர்ந்து நடத்தும் பொது அறை. எண்ணிக்கையை ஐம்பதிலிருந்து தொடங்க வேண்டாம். ஒன்றிலிருந்து தொடங்குவோம்.