கொரோனா ஊரடங்கு அதிகாரம்: அரசை நாடாளுமன்றம் கேள்வி கேட்டதா? எளிய விளக்கம்

2020 மார்ச் 24, இரவு 8 மணி. நாடு முழுக்க ஊரடங்கு என்று பிரதமர் மோடி அறிவித்தார். நள்ளிரவு 12 மணிக்கே அமலுக்கும் வந்தது. இடையில் இருந்தது வெறும் 4 மணி நேரம்.

திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலையில் இருந்து கூலி வேலைக்காக வெளிமாநிலம் போகிறவர்கள் பலர். அப்படிப் போனவருக்கு அந்த 4 மணி நேரத்தில் மலையடிவாரம் வரைக்கும்கூட வந்து சேர முடியாது. இந்த முடிவுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்?

எந்த சட்டத்தில் ஊரடங்கு வந்தது?

மத்திய அரசு பயன்படுத்தியது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. புயல், வெள்ளம், நிலநடுக்கம் மாதிரியான பேரிடர்களுக்காக வந்த சட்டம் இது. மாநில அரசுகள் ஆங்கிலேயர் காலத்து தொற்றுநோய்கள் சட்டம், 1897-ஐயும் கையில் எடுத்தன.

பேரிடர் சட்டப்படி மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டால் போதும். அதை நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆண்டறிக்கையை இரு அவைகளிலும் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு வருவது.

அவசரநிலை பிரகடனம் என்றால்?

அங்கே கதையே வேற. அரசியலமைப்பின் 352-வது பிரிவில் அவசரநிலை அறிவித்தால், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். நீட்டிக்க 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஒப்புதல் வேண்டும். 1975 எமர்ஜென்சி அனுபவத்துக்குப் பிறகு, 1978-ல் வந்த 44-வது திருத்தம் இந்தக் கடிவாளத்தைப் போட்டது.

ஆனால் போர், வெளிநாட்டுத் தாக்குதல், ஆயுதக் கிளர்ச்சி ஆகியவற்றுக்கு மட்டுமே 352 பொருந்தும். நோய்த்தொற்று அதில் வராது. அதனால் அந்தக் கடிவாளமும் ஊரடங்குக்கு இல்லாமல் போனது. பேரிடர் சட்ட உத்தரவுகள் 2022 மார்ச் 31 வரை, 2 வருஷத்துக்கும் மேல் நீடித்தன.

அப்போது நாடாளுமன்றம் என்ன செய்தது?

* 2020 மார்ச் 23: ஏப்ரல் 3 வரை நடக்க வேண்டிய பட்ஜெட் கூட்டத்தொடர் முன்கூட்டியே முடிந்தது. மறுநாள் ஊரடங்கு அறிவிப்பு.
* செப்டம்பர் 14: 175 நாள் கழித்து அவை மீண்டும் கூடியது. இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அரசியலமைப்பு விதி.
* அந்தத் தொடரில் கேள்வி நேரம் ரத்து. அக்டோபர் 1 வரை திட்டமிட்ட கூட்டம் செப்டம்பர் 23-லேயே முடிந்தது.
* 2020 குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவே இல்லை.

கேள்வி நேரம் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

எழுத்துப்பூர்வமான கேள்விகளுக்கு அனுமதி இருந்தது. ஆனால் அதற்கு வருவது ஒரு காகிதப் பதில். கேள்வி நேரம் என்றால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால், எம்.பி.க்கள் அங்கேயே துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம்.

ஒரு உதாரணம். சொந்த ஊர் திரும்பும்போது எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் துறை செப்டம்பர் 14-ல் எழுத்தில் பதில் தந்தது. தரவே இல்லாததால் இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னது. 'ஏன் கணக்கெடுக்கவில்லை?' என்று அங்கேயே திருப்பிக் கேட்க கேள்வி நேரம் இல்லை.

அதே கூட்டத்தொடரில் ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்ததாக மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகம் ஒப்புக்கொண்டது. கேட்டதால்தான் அந்த எண்ணிக்கை அவைப் பதிவில் ஏறியது.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டன் 2020 மார்ச்சில் கொரோனா வைரஸ் சட்டம் என்று தனியாகவே ஒன்று கொண்டுவந்தது. அதன் பெரும்பகுதிக்கு ஆயுள் 2 ஆண்டு. 6 மாதத்துக்கு ஒருமுறை மக்களவையில் வாக்கெடுப்பும் உண்டு. அங்கே ஊரடங்கு விதிகள் வந்தது 1984-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தில். அவசரமாகப் போட்ட விதிக்கும் 28 நாள் கெடுவுக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். அங்கேயும் வாக்கெடுப்பு தாமதமாக வருகிறது என்று எம்.பி.க்கள் சண்டை போட்டார்கள். ஆனால் சண்டை போட ஒரு மேடை இருந்தது.

ஜவ்வாது மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜமுனாமரத்தூர் பகுதி கலசப்பாக்கம் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அது திருவண்ணாமலை மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. மலைக்கிராமத்துக்காரர் மத்திய அரசிடம் கேள்வி கேட்க நேரடி வழி அந்த எம்.பி.தான்.

2020 ஏப்ரல் 6-ல் மத்திய அமைச்சரவை, எம்.பி.க்களின் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதியையும் 2 ஆண்டுக்கு நிறுத்தியது. மொத்தம் 7,900 கோடி ரூபாய் அரசின் தொகுப்பு நிதிக்குப் போனது. 2021 நவம்பரில்தான் நிதி ஓரளவு திரும்ப வந்தது. ஆக, எம்.பி. அவையில் எழுந்து கேட்கவும் முடியவில்லை, ஊருக்குச் செலவழிக்கவும் பணமில்லை.

இனி என்ன?

பெருந்தொற்றில் அரசு வேகமாக முடிவெடுத்தே ஆக வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. முடிவெடுத்த பிறகு எத்தனை நாளில் அவைக்கு வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் பிரச்னை. பேரிடர் சட்ட உத்தரவுகளுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. கெடு இல்லாத வரை, அடுத்த ஊரடங்கில் வழியில் இறப்பவர்களின் கணக்கும் 'தரவு இல்லை' என்றே முடியலாம்.