தொப்பிப் பெட்டி

தொப்பிப் பெட்டி (பெ.): தொப்பி நசுங்காவண்ணம் வைத்தற்குரிய, மூடியோடு கூடிய வட்டமான பெட்டி. தொப்பியை வைக்கும் பெட்டி என விரிதலின், உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

தொப்பி இந்துஸ்தானி வழியாக வந்த சொல்; பெட்டியோ கன்னடத்தில் பெட்டிகெ என்றும் தெலுங்கில் பெட்டெ என்றும் வழங்கும் திராவிடச் சொல்லாதலின், தமிழும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும் பெங்களூரின் அல்சூர்க் கடைவீதியில் அதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. அல்சூரை அடுத்து, 1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் அமைத்ததும் இவ்வூரார் 'தண்டு' என்பதுமான படைவீட்டில் வாழ்ந்த துரைமாருக்கும் சீமாட்டிகளுக்கும் தொப்பி அன்றாட ஆடம்பரமாக இருந்தது.

மேனாட்டில் 19-ஆம் நூற்றாண்டில், தடித்த அட்டையை வளைத்துத் தைத்து, சுவரில் ஒட்டும் பூவேலைக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி இத்தகைய பெட்டிகளை அலங்கரித்தனர். தொப்பி அணியும் வழக்கம் குன்றிய பின்னரும், அச்சௌந்தரியம் பற்றியே அவை அன்பளிப்புப் பொருளாகவும், கடிதம், ரிப்பன், நூற்கண்டு முதலியன இட்டுவைக்கும் வீட்டுச் சாதனமாகவும் நிலைபெற்றன.

மூடியுடைய சிறு பெட்டிக்குப் பழந்தமிழ்ச் சொல் செப்பு. உட்பகை கொண்ட குடிக்குச் செப்பும் மூடியும் பொருந்துதலையே வள்ளுவர் உவமையாக்கினார்.