அரசின் ஏடுகளே சாட்சி: ஐ. எஃப். ஸ்டோனின் வார இதழ்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் மூண்ட காலத்தில், அமெரிக்க வெளியுறவுக் கொள்கையைக் கேள்விக்கு உட்படுத்திய பத்திரிகையாளர்களும் பேராசிரியர்களும் பலர் வேலையிழந்தனர். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பெயரால் அறியப்படும் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த அந்நாளில், 1953 ஜனவரி 17 அன்று, வாஷிங்டனிலிருந்து நான்கு பக்க வார இதழ் ஒன்று வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஐ. எஃப். ஸ்டோன், தாம் எழுதிவந்த நாளேடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்ட நிலையில், ஆண்டுச் சந்தா 5 டாலர் என வைத்து, ஏறத்தாழ 5,300 சந்தாதாரர்களை நம்பியே அதைத் தொடங்கினார். விளம்பரம் எதையும் ஏற்காத அவ்விதழின் சந்தா நிர்வாகத்தை அவருடைய மனைவி எஸ்தர் கவனித்துக்கொண்டார்.

செவித்திறன் குன்றியிருந்த ஸ்டோன், அதிகாரிகளின் செய்தியாளர் சந்திப்புகளைவிட நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் குழு விசாரணைகளின் பதிவுகளையும் துறை அறிக்கைகளின் பிற்சேர்க்கைகளையுமே பெரிதும் நம்பினார். அரசு ஓரிடத்தில் சொன்னதை அது வேறோரிடத்தில் அச்சிட்டதோடு ஒப்பிட்டு முரண்பாட்டை வெளிக்கொணர்வதே அவருடைய முறை.

1957 செப்டம்பரில் நெவாடா பாலைவனத்தில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன் அதிர்வை 200 மைலுக்கு அப்பால் கண்டறிய இயலவில்லை என்று அணு ஆயுத உற்பத்தியைக் கவனித்துவந்த அணுசக்தி ஆணையம் பின்னர் அறிவித்தது. இது உண்மையானால், அப்போது பேசப்பட்டுவந்த அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கையை மீறுவோரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்ற வாதம் வலுப்பெறும். ஆனால் டொராண்டோ, ரோம், டோக்கியோ ஆகிய நகரங்களில் அதிர்வு பதிவானதாக நாளேட்டில் வந்திருந்த சிறு செய்திகளைக் குறித்துவைத்திருந்த ஸ்டோன், அரசின் நிலநடுக்க ஆய்வுப் பிரிவினரையே நேரில் அணுகி விசாரித்து, ஏறத்தாழ 2,300 மைல் தொலைவில் அலாஸ்காவிலும் அது பதிவாகியிருந்ததை அறிந்தார். ஆணையம் தன் கூற்றைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

வியட்நாம் போரின்போது இம்முறையின் வலிமை முழுமையாக வெளிப்பட்டது. 1965 பிப்ரவரி இறுதியில் வெளியுறவுத் துறை வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அதாவது அரசின் நிலைப்பாட்டை ஆதாரங்களோடு விளக்கும் ஆவணம், தென் வியட்நாமில் நடப்பது வடக்கிலிருந்து ஆயுதமூட்டி நடத்தப்படும் படையெடுப்பே என்று வாதிட்டது. அதன் பிற்சேர்க்கையில் துப்பாக்கி, பீரங்கி என வகைவாரியாகப் பட்டியலிடப்பட்டிருந்த, 18 மாதங்களில் கைப்பற்றிய கம்யூனிஸ்ட் நாட்டு ஆயுதங்களைக் கூட்டிய ஸ்டோன், மொத்தம் 179 மட்டுமே எனக் கண்டார். அதே கால அளவில் தென் வியட்நாமில் போரிட்ட கெரில்லாக்களிடமிருந்து சராசரியாக 7,500 ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டதாகப் பாதுகாப்புத் துறையே கூறியிருந்ததால், வெளியிலிருந்து வந்தவற்றின் பங்கு 2.5 சதவீதத்துக்கும் குறைவு என்றாயிற்று. போரின் வேர் தெற்கிலேயே இருந்தது என்ற தம் வாதத்துக்கு அரசின் எண்களையே அவர் சான்றாக்கினார்.

எனினும், அம்மறுப்பு வெளியான இதழின் தேதியான மார்ச் 8 அன்றுதான் அமெரிக்க மரைன் படை வீரர்கள் சுமார் 3,500 பேர் தா நாங் கடற்கரையில் இறங்கினர். ஆதாரம் தெளிவாக இருந்தும் போர் நிற்கவில்லை. ஆயினும் அந்த எழுத்து வீணாகவில்லை. அதே மாத இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இரவு முழுவதும் நடத்திய போர் குறித்த விவாத வகுப்புகள் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியபோது, அரசின் கூற்றை ஆவணங்களைக் கொண்டே எதிர்கொள்ளும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே வாய்த்தது. 1971 இறுதியில் இதழ் நிறுத்தப்பட்டபோது அதன் விற்பனை 70,000 அளவில் இருந்தது.

அதே ஆண்டு ஜூனில் வெளியான பென்டகன் ஆவணங்கள், பாதுகாப்புத் துறை தனக்கென இரகசியமாகத் தொகுத்திருந்த சுமார் 7,000 பக்க வரலாறு, போர் குறித்து மக்களுக்குச் சொல்லப்பட்டதும் அரசு உள்ளுக்குள் அறிந்திருந்ததும் வேறுவேறு என்பதை உறுதிசெய்தன. அந்த இடைவெளியின் கணிசமான பகுதியை, எந்த இரகசியக் கோப்பையும் தொடாமல், எவரும் வாங்கிப் படிக்கக்கூடிய அச்சேடுகளைக் கொண்டே ஸ்டோன் முன்னதாக எடுத்துக்காட்டியிருந்தார். அரசை ஆராய்வது தனி அதிகாரம் பெற்றவர்களின் உரிமையன்று, பொறுமையோடு படிக்கத் துணியும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்பதே அவ்விதழ் நிலைநாட்டிய மரபாகும்.