கரையும் உடலும்: ருக்மிணி தேவியின் இன்னொரு தொழில்

ருக்மிணி தேவி அருண்டேல் யார் என்று கேட்டால் எல்லோரும் பரதநாட்டியம் என்பார்கள். புடவைக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், 'கலாக்ஷேத்ரா பார்டர்' என்பார். இந்த இரண்டாவது பதிலைப் பற்றி நம்மிடம் அதிகம் எழுதப்படவில்லை. நாட்டிய அரசியலைப் பற்றி நிறையவே சண்டை போட்டாகிவிட்டது. துணியின் அரசியல் மட்டும் மடித்துப் பெட்டிக்குள் வைத்த மாதிரி அப்படியே கிடக்கிறது.

இந்தியாவில் ஃபேஷன் டிசைனர் என்கிற தொழிலைக் கற்பிக்க டெல்லியில் நிஃப்ட் தொடங்கியது 1986இல். அதே ஆண்டு பிப்ரவரியில் ருக்மிணி தேவி இறந்துபோனார். ஐம்பது ஆண்டுகள் அந்த வேலையைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார், அப்படி ஒரு பெயர் இல்லாமலே. 1904இல் மதுரையில் பிறந்து, 1920இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ஆடக் கற்ற கதை தெரிந்ததுதான். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் மேடையேறினார். அன்று மாறியது ஆட்டம் மட்டுமல்ல, உடையும்தான். அதுவரை ஆடிய பெண்கள் பைஜாமாவுக்கு மேலே புடவையைச் சுற்றி, முன்னால் கொசுவத்தை விரித்துக் கட்டினார்கள். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்தார். அடையாற்றில் இருந்த மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்காரி உதவினார். புடவை கத்தரிக்கப்பட்டுத் தைத்த உடையாயிற்று. 'தொன்மையான' பரதநாட்டிய உடை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதற்குள் ஓர் இத்தாலிய ஊசி இருக்கிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மரபு என்பது எப்போதுமே தைத்துக் கட்டப்படுவதுதான். யார் தைக்கிறார்கள், யார் கழற்றப்படுகிறார்கள் என்பதே கேள்வி.

கழற்றப்பட்டவர்களைத் தேடினால் காஞ்சிபுரத்துக்குத்தான் வர வேண்டும். தஞ்சாவூர் பாலசரஸ்வதி ஏழு வயதில் அரங்கேறியது இந்த ஊர் அம்மன் சந்நிதியில், 1925இல். கடைசிவரை அவர் தைத்த உடைக்கு மாறவில்லை. புடவையைக் கட்டிக்கொண்டே ஆடினார். சிருங்காரத்தை விட மாட்டேன் என்றதும் புடவையை விட மாட்டேன் என்றதும் எனக்கு ஒரே பிடிவாதமாகத்தான் படுகிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. இந்த ஊர்த் தறியில் பெரும்பங்கு கைக்கோளர்களுடையது. செங்குந்தர் என்பது இன்றைய பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் காஞ்சிக் கைக்கோளர்கள் பெற்றிருந்த தண்டு, சங்கு உரிமைகளை மற்ற ஊர்க் கைக்கோளர்கள் தங்களுக்கும் கேட்டு வாங்கியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதே சாதிக் குடும்பங்களிலிருந்து ஒரு பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் பதிவு செய்கின்றன. ஆக, பட்டை நெய்த கையும் பட்டைக் கட்டி ஆடிய உடலும் பல இடங்களில் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் போராடி, 1947இல் சட்டம் வந்து, பொட்டுக்கட்டு ஒழிந்தது. ஒழிய வேண்டியதுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஆட்டம் அடையாற்றுக்குப் போனது. கூடவே பட்டும் போனது. நெய்தவர் மட்டும் குழித்தறியிலேயே இருந்தார்.

கலாக்ஷேத்ரா 1936இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே தறியும் வந்துவிட்டது. ருக்மிணி தேவி செய்தது சின்ன வேலை அல்ல. அகலக் கரை, முரண்படும் நிறங்கள், பழைய புடவைகளில் இருந்த ருத்ராட்சம், கோபுரம், அன்னம், மயில்கண், வைரஊசி. மெல்லிய மில் துணியின் மோகம் பரவிய காலத்தில் இவற்றைத் தேடியெடுத்துத் திரும்ப நெய்ய வைத்தார். அந்தக் கண் இல்லாதிருந்தால் பல வடிவங்கள் நம்மிடம் இருந்திருக்காது. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதுகிற விமரிசனம் நேர்மையற்றது.

அவர் எடுத்து நிறுத்தியது 'கோர்வை'. நெசவாளர் பேச்சில் புடவைக்கு உடல் உண்டு, கரை உண்டு, முந்தி உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடையும் இரண்டுக்கும் வேறு வேறு. ஆகவே மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு ஆளால் இது ஆகாது. நெசவாளருக்கு வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தருவார். அந்த இன்னொருவர் யார்? நீண்ட காலம் அது பெரும்பாலும் ஒரு பையனாகவோ பெண்குழந்தையாகவோ இருந்தது. முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கோர்வையின் அழகைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கரைக்கும் உடலுக்கும் நடுவே இருந்த அந்தச் சின்னக் கையைப் பற்றி அழகியல் பேசியவர்கள் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு இடைச்செருகல். ருக்மிணி தேவி மாநிலங்களவையில் இருந்தபோது மிருகவதைக்கு எதிராக வாதாடியவர். 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. கூட்டுப்புழுவை வெந்நீரில் கொன்றுதான் பட்டு. இதே காரணத்துக்காகப் பட்டு உடுத்தாதீர்கள் என்று சொன்னவர் காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி. ஊரே பட்டில் பிழைக்கிறது, ஊர் மடாதிபதி வேண்டாம் என்கிறார், அவருடைய பக்தர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இங்கேதான் ஜவுளி எடுக்கிறார்கள். என்ன சொல்வது!

பெயர் வைப்பதிலும் இதே கதைதான். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக இந்த ஊரில் உருவான நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்று பெயர். நெய்து கொடுத்தவர் முத்துச் செட்டியார் என்பதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சாயத்தொட்டியில் கையை விட்டவர் பெயர் அவர்களுக்கும் தெரியாது. உடுத்தியவர் பெயர் நிறத்துக்கு, எடுத்துத் தந்தவர் பெயர் கரைக்கு. சிலம்பு 'காருகர்' என்று ஒரே சொல்லில் அத்தனை நெசவாளரையும் முடித்துக்கொண்டதே, அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது.

1956இல் புபுல் ஜெயகர் முன்கையெடுத்து நெசவாளர் சேவை மையங்கள் வந்தபோது ஓவியர்கள் தறிக்கு டிசைன் வரையும் அரசாங்கச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். நம் வீர சந்தானம் பல ஆண்டு வேலை பார்த்தது அங்கேதான். டிசைன் என்பது தாளில் பிறந்து தறிக்கு இறங்கி வருவது என்கிற படிநிலை இதோடு உறுதிப்பட்டது. அதற்கு முன் 'அடை' கட்டியவர் நூலிலேயே வடிவத்தை முடிந்துவைத்தார். அது நினைவு, கணக்கு, வரைபடம் எல்லாம் சேர்ந்த ஒன்று. ஜக்கார்டு பெட்டி வந்ததும் அந்த அறிவு துளையிட்ட அட்டைக்குப் போய்விட்டது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவரிடம் டிசைனர் யார் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து வருவது, யார் செய்தார்கள் என்று யார் எழுதி வைத்தார்கள் தம்பி என்றார்.

2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்துவிட்டது, ஆளுக்கு இல்லை. 2010களில் கோ-ஆப்டெக்ஸ் நெய்தவரின் படமும் பெயரும் அச்சிட்ட அட்டையைப் பட்டுப்புடவையோடு சேர்த்துத் தர ஆரம்பித்தது. தெரிந்தவர் வீட்டில் அப்படி ஒரு புடவையை விரித்துப் பார்த்தேன். கோர்வைப் புடவை. அட்டையில் ஒருவர் படம் இருந்தது. வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளியவர் யார் என்று அதில் இல்லை.